காய்க்காத மரத்தின் கணக்கு

மாசி பிறந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் மரங்களை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் இந்தப் புறநகரில், கொஞ்சம் மண் மிச்சமிருக்கும் வீடுகளில் ஒரு மாமரமோ முருங்கையோ எலுமிச்சையோ இருக்கும். மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்று பழைய பருவக் கணக்கு சொல்கிறது. சென்னையின் பனி என்பது விடியற்காலையில் வண்டி சீட்டில் படியும் ஈரம் மட்டும்தான் என்றாலும் மரங்களுக்கு அது போதும். அரசும் வேம்பும் இலை கொட்டும். முருங்கை வெள்ளையாகப் பூத்துக் கொட்டும். மாமரம் பூங்கொத்தோடு நிற்கும். கிட்டே போனால் தேன் வாசனையும் தத்துப்பூச்சியின் பிசுபிசுப்பும் சேர்ந்து முகத்தில் ஒட்டும். எந்த வீட்டு மரம் பூக்கவில்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். "இந்த வருஷமும் பூக்கலையாக்கா? வெட்டிட்டு வேற எதுனா வைங்க" என்ற யோசனை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

இந்த யோசனைக்குப் பின்னால் பழைய சடங்கு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கங்களில் இன்றும் சிலர் செய்கிறார்கள். காய்க்காத மரத்தடிக்கு இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கையில் அரிவாள். "காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, வெட்டிவிடுகிறேன்" என்று மரத்துக்குக் கேட்கும்படி சொல்லி, அடிமரத்தில் ஒரு கொத்து கொத்துவார். மற்றவர் கையைப் பிடித்துத் தடுப்பார். "விட்டுடு, பாவம், அடுத்த வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு." அவ்வளவுதான் நாடகம். மரம் பயந்து அடுத்த பருவத்தில் பூக்கும் என்பது நம்பிக்கை.

சிறு வயதில் லெந்து நாட்களில் சர்ச்சில் இந்த நாடகத்தையே வேறு ஊர் உடையில் கேட்டிருக்கிறேன். லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் உவமை அது. திராட்சைத் தோட்டத்தில் நட்ட அத்திமரத்தில் மூன்று வருடமாகக் கனி தேடி ஏமாந்த தோட்டத்து உரிமையாளர், மண்ணை வீணாக அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்டிவிடு என்கிறார். தோட்டக்காரர், இந்த ஒரு வருடம் விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், அதற்கும் காய்க்கவில்லை என்றால் வெட்டிவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறார். மூன்று வருடச் சுழற்சியில் வாசிப்புகளை அமைத்துக்கொண்டிருக்கும் திருச்சபைகளில், ஒரு வருடம் இது லெந்தின் மூன்றாம் ஞாயிறு வாசிப்பாக வரும். அதாவது பெரும்பாலும் மாசியிலோ பங்குனியிலோ, வெளியே மாமரங்கள் பூவோடோ பூவில்லாமலோ நிற்கும்போது.

பிரசங்கங்களில் இந்த உவமை எப்போதும் கருணையின் கதையாகவே சொல்லப்படும். நான் கேட்க விரும்புவது அதற்கு முந்தைய கேள்வி. காய்ப்பதுதான் ஒரு மரம் மண்ணில் நிற்பதற்குக் கொடுக்கும் வாடகை என்று முடிவு செய்தது யார்? மூன்று வருடம் என்ற கெடுவை வைத்தது யார்? இந்தக் கேள்வி மரத்தோடு நிற்காது என்பது இந்த மண்ணில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கல்யாணமாகி மூன்று வருடம் என்பது நம் வீடுகளிலும் ஒரு கெடுதான். முதல் வருடம் "விசேஷம் உண்டா?" என்பார்கள். இரண்டாம் வருடம் கோயில் பெயர்கள் சொல்வார்கள். மூன்றாம் வருடம், ஜிஎஸ்டி ரோட்டில் விளம்பரப் பலகை வைத்திருக்கும் கருத்தரிப்பு மையங்களின் பெயர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு பேச்சு அவளிடம் நடக்காது, அவளைப் பற்றி நடக்கும்.

முதலில் மரத்தின் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். மாமரம் பூக்காமல் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. கொட்டையிலிருந்து முளைத்த மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். ஒட்டுக்கட்டிய கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். நர்சரியில் எதை வாங்கினோம் என்பதே பலருக்கும் தெரிவதில்லை. பூப்பதற்கு முன்னால் மாமரத்துக்கு வறட்சியான ஓர் ஓய்வு வேண்டும். பாத்திரம் கழுவின தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் ஓயாமல் ஓடிவரும் வேரடியில் அந்த ஓய்வு கிடைக்காது. சாண எருவும் யூரியாவும் அதிகமாகப் போனால் மரம் இலையாகவே தழைக்கும். பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பி வெயில் மறைந்தாலும் பூக்காது. ஒரு வருடம் நிறையக் காய்த்து மறு வருடம் ஓய்வெடுக்கும் ரகங்களும் உண்டு. இவற்றில் எதுவும் மரத்தின் பிடிவாதம் இல்லை. ஆனாலும் அரிவாள் காட்டப்படுவது மரத்துக்குத்தான், நான்கு மாடி கட்டியவருக்கு இல்லை. குழந்தையில்லாத வீடுகளிலும் இப்படித்தான். பரிசோதனை மனைவிக்கு முதலில் நடக்கும். கணவனுக்கு நடக்கும் நாள் வந்தால், அதுவும் யாருக்கும் தெரியாமல் நடக்கும்.

இதில் சங்கடமான ஓர் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் என் வாதம் பொய்யாகிவிடும். அந்த அரிவாள் கொத்து சில சமயம் பலிக்கும். மரத்தின் பட்டையில் காயம் பட்டால், இலைகள் தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு இறங்க முடியாமல் மேலேயே தேங்கும். அது பூப்பதைத் தூண்டலாம். பட்டையை வளையமாகச் சீவிப் பூக்கவைப்பது தோட்டக்கலையில் தெரிந்த முறைதான். ஆக, பயமுறுத்தியதால் மரம் காய்த்தது என்று தாத்தா சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. காயம் வேலை செய்தது. பயம்தான் வேலை செய்ததாகக் கதை சொல்லப்பட்டது.

இதனால்தான் முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழி நம் சமையலறைகளில் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. அதன் முதல் பாதி உண்மை. முருங்கையை ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து நன்றாகக் காய்க்கும். மார்கழி, தையில் கவாத்து செய்த மல்லிகை பங்குனியில் மொட்டாகக் குலுங்கும். முதல் பாதியின் உண்மையைச் சாட்சியாக நிறுத்தி இரண்டாம் பாதியை நிரூபித்துவிடுகிறார்கள். மரத்தை உவமையாக்குவதில் உள்ள ஆபத்து இது. பலன் கிடைத்துவிட்டது என்பதால் செய்தது நியாயமாகிவிடாது. அடிபட்ட பிள்ளை நன்றாகப் படிக்கலாம், அரட்டி வைத்த மருமகள் அதற்குள் பிள்ளை பெற்றிருக்கலாம். அடியின் கணக்கில் அதை வரவு வைப்பது, அடித்தவர் எழுதும் கணக்கு.

நம் மொழி இந்தக் கணக்கை எவ்வளவு ஆழமாக வாங்கிவைத்திருக்கிறது என்று பாருங்கள். பனையில் ஆண்பனை, பெண்பனை என்று இரண்டு உண்டு. ஆண்பனை நுங்கு தராது. அதனால் அதை யாரும் மலட்டுப் பனை என்று சொல்வதில்லை. பூக்கும், பாளையிலிருந்து பதநீர் இறங்கும், ஓலை தரும், அது ஆண், அவ்வளவுதான். காய்க்காமல் இருப்பது அங்கே ஓர் இயல்பு. மனிதர்களிடம் வந்ததும் இந்தப் பெருந்தன்மை காணாமல் போகிறது. மலடி என்ற சொல் அன்றாடப் பேச்சில் புழங்கும் அளவுக்கு மலடன் என்ற சொல் எங்கே புழங்குகிறது?

அந்த ஆண்பனையைக்கூடக் காய்க்கவைத்த அற்புதம் நம் பக்தி மரபில் உண்டு. செய்யாற்றில் உள்ள திருவோத்தூர்க் கோயிலில், சிவனடியார் ஒருவர் வைத்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகப் போனதைச் சமணர்கள் கேலி செய்ததாகவும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடியதும் அவை பெண்பனைகளாகிக் குலை ஈன்றதாகவும் வரலாறு சொல்வார்கள். அந்தக் கதையைப் பக்தியோடு கேட்டு வளர்ந்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கதையின் பொறி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கிறேன். அடியாருக்கு அவமானம் மரம் காய்க்காததால் வருகிறது. அது தீர்வதும் மரம் காய்ப்பதால்தான். காய்க்காவிட்டால் என்ன, நிற்கட்டுமே என்று கேலி செய்தவர்களைப் பார்த்துச் சொல்லும் அற்புதம் ஒன்றும் நம்மிடம் இல்லை. மாற்கு நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்திலும் ஓர் அத்திமரம் இருக்கிறது. அது கனிக்காலமே இல்லை என்று நற்செய்தியாளரே எழுதிவைக்கிறார். ஆனாலும் பசியோடு வந்த இயேசுவின் சாபத்தில் அது வேரோடு பட்டுப்போகிறது. விளக்கங்கள் எத்தனையோ உண்டு. பருவம் இல்லாத நேரத்தில் கணக்குக் கேட்கப்பட்ட அந்த மரத்தின் பக்கம் நின்று பேசிய விளக்கத்தை நான் பிரசங்க மேடையில் இதுவரை கேட்டதில்லை.

மரத்திடம் கேட்கும் கணக்கை நிலத்திடமும் கேட்டிருக்கிறோம். விளையாத நிலத்துக்கு, வரி தராத நிலத்துக்கு, வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்று பெயர். தாம்பரத்துக்குக் கிழக்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. உள்ளூர்ச் சொல் கழுவெளி. நெல் விளையாத, வீடு கட்ட ஆகாத இடம். எனவே வீண் இடம். பல பத்தாண்டுகளாக அந்த நினைப்பில்தான் பெருங்குடியில் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நிறுவனங்களுக்கும் சாலைக்கும் ரயிலுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பும் வேலையை அந்த நிலம் செய்துகொண்டிருந்தது. அந்த வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளத்தில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியபோதும், வேளச்சேரி மூழ்கியபோதும், நீர் தங்க விட்டுவைத்த இடங்களை வீண் என்று எண்ணியதன் விலை எல்லோருக்கும் தெரிந்தது. 2007-ல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தரிசாக எழுதப்பட்ட நிலம் உலகம் காக்க வேண்டிய நிலமாக மாறியதற்கு நிலம் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. பார்த்தவர்களின் கணக்குதான் மாறியது.

இப்படிச் சொன்னால், காய்க்காத மரமும் ஏதோ ஒரு பயன் தருகிறது, அதனால் விட்டுவைக்கலாம் என்ற இடத்துக்கு வாதம் வழுக்கிப் போகும். அதில் பாதி உண்மை இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மாமரம் மதிலைத் தாண்டிக் கிளை நீட்டியிருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாகக் காய்ப்பே இல்லை. அதன் நிழலில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. மரத்தை எடுக்கப் போகிறார்களாமே என்று இஸ்திரி போடும் அக்காவிடம் கேட்டபோது, "காய்ச்சா பசங்க கல்லு வுடுவானுங்க, என் தலைல வுழும். இது காய்க்காதவரைக்கும்தான் எனக்கு நல்லதும்மா" என்றார். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்ற பழமொழியை நல்லவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் நாம் பயன்படுத்துகிறோம். கல் விழும் இடத்தில் நின்று வேலை செய்பவர் அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு. சித்திரையில் கரிப்பெட்டியின் சூட்டோடு எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அந்த மரம்தான் வேலை செய்யும் இடம். மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்ற பேச்சில் அவரைக் கேட்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. மரம் வீட்டுக்காரருடையது, நிழல் விழுவது தெருவில்.

ஆகப் பயன் என்பதே யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் நான் அங்கே நிற்க விரும்பவில்லை. குழந்தையில்லாத பெண்ணைப் பார்த்து "அவள் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள், அண்ணன் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள்" என்று பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். அந்தப் பரிவும் ஒரு ரசீது கேட்கிறது. பிள்ளை பெறாததற்கு ஈடாக அவள் வேறு எதையோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கும் பாடம் சொல்லித்தராத, யார் பிள்ளையையும் தூக்காத, மத்தியானம் தூங்கி எழுந்து டீ குடிக்கும் ஒருத்திக்கும் இந்த மண்ணில் இடம் உண்டா? கேள்வி இதுதான். லூக்காவின் தோட்டக்காரர் எனக்குப் பிடித்தவர் என்றாலும் இந்தக் கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. அவர் வாங்கித்தருவது ஒரு வருடக் கெடு மட்டும். மறு வருடம் என்ன ஆனது என்று உவமை சொல்லாமலே முடிகிறது.

மரத்தை வணங்கும் சமூகம் பெண்ணை மதிக்கும் என்று நம்பவும் எனக்கு வழியில்லை. எங்கள் தெருமுனையில் அரசமரத்தடிப் பிள்ளையார் இருக்கிறார். அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் அமாசோமவார நாட்களில் 108 சுற்று சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். கிளையில் மஞ்சள் கயிறும் சின்னத் தொட்டில்களும் தொங்குகின்றன. வேண்டுதலைச் சொல்லிக்கொண்டு நடப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதியை எடைபோட எனக்கு உரிமை இல்லை. அதே அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நக்கல் செய்யும் பழமொழியும் நம்முடையதுதான். சுற்றச் சொல்லி அனுப்பியவர்கள் யாரும் அந்தப் பழமொழியில் இல்லை. அவசரப்பட்டவள் மட்டும் இருக்கிறாள். நோய் மரம் சுற்றினால் தீராது என்று கிண்டல் செய்யும் பகுத்தறிவும் பல நேரம் இங்கேயே நின்றுவிடுகிறது. அவளை மரத்தடிக்குத் துரத்திய கேள்விகளை அது கிண்டல் செய்வதில்லை.

அரசமரத்தின் இன்னொரு பயணம் இதைவிடக் கசப்பானது. பொ.யு.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்திரை புத்தகயையின் போதிமரத்திலிருந்து ஒரு கிளையை இலங்கைக்குக் கொண்டுசென்றார் என்று பௌத்த மரபு சொல்கிறது. அவர் போனது மரம் நட மட்டும் இல்லை. அரசகுலத்துப் பெண்ணான அனுலாவும் அவரோடு இருந்த பெண்களும் துறவு ஏற்க விரும்பினார்கள். அதற்குப் பிக்குணி ஒருவர் வேண்டும். ஆக அந்தக் கப்பலில் ஒரு மரமும், பிள்ளை பெறுவதால் அளக்கப்படாத ஒரு வாழ்க்கைக்கான வழியும் சேர்ந்து போயின. அநுராதபுரத்தில் அந்த மரம் இன்றும் நிற்கிறது. கனிக்காக யாரும் அதை வணங்குவதில்லை. அதன் மூதாதையின் நிழலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக வணங்குகிறார்கள். பிக்குணிகளின் சங்கமோ சோழர் படையெடுப்பை ஒட்டிய 11-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. ஆண்களின் சங்கமும் அப்போது நலிந்துபோனது. முதலாம் விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து அதை மீட்டார். பெண்களின் சங்கம் 1996-ல் சாரநாத்தில் சில இலங்கைப் பெண்கள் உபசம்பதா பெறும் வரை காத்திருந்தது. இலங்கை மடாலய அதிகாரம் அதை ஏற்கத் தயங்கிக்கொண்டேயிருக்கிறது. ஒரே கப்பலில் வந்த இரண்டில் மரத்துக்கு வேலி கட்டி, முட்டுக்கொடுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் காத்தார்கள். மற்றதைக் காக்க அந்தக் கவனத்தில் கொஞ்சமும் மிஞ்சவில்லை.

எனவேதான் பெண்ணும் மரமும் ஒன்று, பெண்ணும் இயற்கையும் ஒன்று என்று சொல்லப்படும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. 1974 மார்ச்சில் இமயமலைப் பகுதியின் ரேணி கிராமத்தில், ஆண்கள் வெளியே போயிருந்த நாளில் கௌரா தேவியும் அவரோடு வந்த பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். சிப்கோவைப் பற்றி எழுதியவர்களில் வந்தனா சிவா, 1988-ல் வெளிவந்த 'ஸ்டேயிங் அலைவ்' நூலில், பெண்களுக்கும் இயற்கைக்கும் உள்ள உயிர்ப்பான உறவை முன்வைத்தார். பொருளியலாளர் பீனா அகர்வால் 1992-ல் அதை மறுத்து எழுதினார். பெண்கள் காட்டைக் காப்பது அவர்கள் பெண்களாக இருப்பதால் இல்லை. விறகுக்கும் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் தினமும் நடப்பவர்கள் அவர்கள், காடு போனால் முதலில் அதிக தூரம் நடக்கப்போவதும் அவர்கள் என்பது அவர் வாதம். வேலைப்பிரிவினையும் உடைமையும்தான் அந்த உறவை உண்டாக்குகின்றன. இரண்டு வருடம் கழித்து வந்த அவருடைய 'எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்' இன்னும் நேராகக் கேட்டது: நிலம் யார் பெயரில் இருக்கிறது?

இந்த இடத்தில்தான் உவமையின் மையம் எனக்குப் புரிகிறது. அதை நாம் மரத்தின் கதையாகப் படிக்கிறோம். பெண்கள் படிக்கும்போது தங்களை மரத்தின் இடத்தில் வைத்துப் படிக்கப் பழக்கப்பட்டிருக்கிறோம். காய்ப்பவள், காய்க்காதவள், பொறுமையானவள், கல்லடி படுபவள். அந்தக் கதையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர். கொத்தி, எரு போட்டு, தண்ணீர் ஊற்றுபவர் ஒருவர். வெட்டு என்று சொல்லும் அதிகாரம் முதலாமவரிடம். மரத்தை அறிந்த கை இரண்டாமவரிடம். புறநகர் வீடுகளில் அந்தக் கை பெரும்பாலும் யாருடையது? அரிசி களைந்த தண்ணீரையும் புளித்த மோரையும் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறவர், மீன் கழுவின தண்ணீரை ரோஜாவுக்குக் கொண்டுபோகிறவர், முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைந்தால் விடியற்காலையில் தீப்பந்தத்தோடு நிற்கிறவர். அது வேலை என்றே எண்ணப்படுவதில்லை, பொழுதுபோக்கு. பட்டா யார் பெயரில்? தமிழ்நாட்டில் 1989-லேயே இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகியிருந்தவர்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. 2005-ன் மத்தியச் சட்டம்தான் அந்த வேலியை எடுத்தது. சட்டம் வந்த பிறகும், "அண்ணனுக்கே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். பதினைந்து வருடம் தண்ணீர் ஊற்றிய மரத்தை, வீட்டை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தில் வெட்டும்போது அவர்களிடம் கேட்பது மரியாதைக்காகக்கூட நடப்பதில்லை. வாடகை வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

பெண்ணை மரமாக்கும் உவமை இந்த அநியாயத்தை மறைக்கிறது. அவள் அங்கே தோட்டக்காரி. அவளுக்கு மரத்தைப் பற்றிய அறிவும் கருத்தும் உண்டு, மண்ணில் பங்கும் வேண்டும்.

தோட்டக்காரி என்று சொல்லிவிட்டால் ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. அவளும் கணக்குப் பார்க்க வேண்டியவள்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையாக வைத்துக் காத்திருந்தோம். துவைத்த தண்ணீரில் ஒரு வாளிதான் மிஞ்சும் என்றால் அது யாருக்கு? பிஞ்சு பிடித்த எலுமிச்சைக்கா, எதுவும் தராத மரத்துக்கா? அந்த வாளியைத் தூக்கி நின்ற யாரும் எல்லா உயிரும் சமம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நான் எலுமிச்சைக்கு ஊற்றினேன். பெரிய மரத்தின் வேர் ஆழத்தில் தேடிக்கொள்ளும், சின்னது தாங்காது என்பது என் நியாயம். காய்க்கிறது என்பதும் அந்த நியாயத்தில் கலந்திருந்தது. மறுபடியும் அந்த நிலை வந்தால் அதையே செய்வேன். பற்றாக்குறையில் முன்னுரிமை தேவைதான். அது அந்த நாளுக்கான ஏற்பாடு. ஒரு வாளித் தண்ணீரை யாருக்கு ஊற்றுவது என்பது வேறு, மண்ணில் நிற்க யாருக்குத் தகுதி என்பது வேறு. தோட்டத்து உரிமையாளர் செய்தது இரண்டாவது. தண்ணீர் பஞ்சமோ இடப் பஞ்சமோ அவரை நெருக்கியதாக உவமை சொல்லவில்லை. அவருக்குக் கணக்கு நேராகவில்லை, அவ்வளவுதான்.

காய்க்காதவள் மட்டும் குற்றவாளியாவதில்லை, அனுமதியில்லாமல் காய்த்தவளும் ஆகிறாள். குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் மர்யம். அவர் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கணவன் இல்லாமல் கருவுற்று, ஊரை விட்டு விலகிப் போய், பிரசவ வலியில் ஒரு பேரீச்ச மரத்தின் அடியைப் பற்றிக்கொள்கிறார் அவர். இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று அரற்றுகிறார். மரத்தை உலுக்கு, பழம் உதிரும், சாப்பிடு, குடி, மனம் குளிர இரு என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, பேசா நோன்பு இருப்பதாகத் தெரிவித்துவிடு என்றும் சொல்லப்படுகிறது. எங்கள் பக்கத்து மதரஸாவில் படித்த ஒரு தோழி சொல்லித்தான் இதை முதலில் அறிந்தேன். நான் அறிந்த மரக் கதைகளில் ஒரு பெண்ணிடம் எந்தக் கணக்கும் கேட்காமல் அவளுக்குச் சாப்பாடு போட்ட கதை இது. விளக்கம் கேட்கும் உரிமை ஊருக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்வதும் இதுதான்.

நம்பிக்கை உள்ளவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த அளவுதான். வெட்டிவிடலாமா என்று கேட்கப்படும் இடத்தில், அடுத்த வருடம் காய்க்கும் என்று ஜாமீன் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். காய்க்காவிட்டால் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் குரலுக்கு எடை வேண்டுமென்றால், கொத்துகிறவர்களின் பெயர் பட்டாவிலும் இருக்க வேண்டும். நிழலில் நிற்பவர்களையும் கலந்துபேச வேண்டும். பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அரசமரத்தில் தாமிர நிறத்தில் துளிர் வந்திருக்கிறது. பூக்காத மரங்களுக்கும் இந்த வாரம் பாத்தி கட்டிச் சருகு போட்டு மூட வேண்டும். கோடை எல்லா மரங்களுக்கும்தான் வரப்போகிறது.